தோப்புக்குள் விடாத வியாபாரி

என் அக்காவின் கணவருக்கு மாமரம் ஏற முடியாமல் போன கோடை அது. சேத்தூருக்கு மேற்கே, மலையடியில் அவர் குத்தகைத் தோப்பு. முழங்கால் மடங்க மறுத்தது. காய்களோ காற்றில் ஆடிக்கொண்டே இருந்தன. கூலிக்கு வருகிறவர்கள் தொரட்டியால் இழுத்தால் காம்பு அடியோடு பிய்ந்து, பால் வழிந்து, தோல் கருத்துவிடும். கருத்த காயைச் சந்தையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"காம்போட காய் எறங்கணும். இல்லன்னா தோப்ப விட்டுருங்க. மரத்துல மட்டும் ஏறக் கூடாது" என்று அக்கா தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போயிருந்தேன். ஓரிடத்தில் உட்கார எனக்கு வராது. உட்கார்ந்தாலும் விரலாவது போனில் அலையும். அப்படி அலைந்ததில் கிடைத்தது அது: கடல் தாண்டிய ஒரு மலிவு இணையக் கடையில், கழியின் நுனியில் மாட்டுகிற வெட்டுவாய். கீழிருந்து கயிற்றை இழுத்தால் காம்பை வெட்டும், காயைக் கீழே விடாமல் கவ்விக்கொள்ளும்.

"எம்புட்டு மாப்ள?" என்றார் மச்சான். சொன்னேன். "அம்புட்டுதானா!"

விற்பவனோடு பேச அந்தக் கடையில் வசதி இருந்தது. நாம் தமிழில் எழுதினால் அவன் மொழிக்கு மாறும். அவன் எழுதுவது கை கால் முறிந்த தமிழாகத் திரும்பி வரும். மச்சான் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். விலையைக் குறைக்கக் கேட்டோம். உடனே பதில்: "அன்பு நண்பரே, கடைக்கு வெளியே வாரும். நேராகப் பணம் அனுப்பும். பாதி விலை."

மச்சான் முகம் மலர்ந்தது. மாங்காய் வியாபாரத்தில் வாய்விட்டுச் சொல்லும் விலை விலையே அல்ல. தோளில் கிடக்கும் துண்டை விரித்து, அதற்குள் இருவர் கை கோத்து, விரலைத் தொட்டுப் பேசி முடிப்பார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும்.

"பாத்தியா மாப்ள. எந்தத் தேசமானா என்ன, வியாபாரின்னா துண்டுக்குள்ள கைய விடத்தான செய்வான். அனுப்பு."

நான் அனுப்பவில்லை. கடைக்கு வெளியே கொடுத்த பணத்துக்குக் கடை பொறுப்பில்லை, பொருள் வராவிட்டால் போய்க் கேட்க ஒரு வாசல் கிடையாது என்றேன்.

"பஸ்ஸு திரும்புனாலே கம்பியப் புடிக்கிற ஆளு நீ."

அடுப்படியிலிருந்து அக்கா சிரித்தாள். "அவன விடுங்க. தோப்புக் குத்தகை பேசப் போனா நீங்க மொதல்ல என்ன செய்வீய?"

"உள்ள போயி மரம் மரமாப் பாப்பேன்."

"அப்ப இதையும் பாருங்க."

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. வெட்டுவாயைக் கையில் பிடித்து, பக்கத்தில் ஏதாவது ஒரு பழத்தை வைத்துப் படம் எடுத்து அனுப்பும்படி விற்பவனிடம் கேட்கச் சொன்னார். வந்தது கடையில் ஏற்கெனவே இருந்த அதே பளபளத்த படம். மறுபடி கேட்டோம். மறுபடி அதே படம், "சீக்கிரம், சலுகை முடிகிறது" என்ற அவசரத்தோடு.

மச்சான் போனை என் பக்கம் தள்ளினார். "வேண்டாம் மாப்ள. இவன் தோப்புக்குள்ள விடமாட்டேங்கான். துண்டுக்குள்ள விரல் மறையலாம். ஆளு மறையலாமா?"

அதே கடையில் வேறு விற்பனையாளர்களைப் பார்த்தோம். வாங்கியவர்களின் புகழ்ச்சியைப் படிக்க அவர் விடவில்லை. "குத்தம் சொன்னவன் யாரு, அவனக் காட்டு." குறைகளுக்குள்ளேயே மரம் மரமாக நடந்தோம். எங்கோ ஒரு முற்றத்தில் அறுந்து தொங்கும் கயிறு. எங்கோ ஓர் எலுமிச்சை மரத்தடியில் வளைந்த கத்தி. வாய் சிறியது, பெரிய பழம் நுழையாது என்று படத்தோடு எழுதியிருந்தாள் ஒரு பெண்.

"மகராசி! ஏட்டி, ஒன் டேப்ப எடு."

அக்காவின் தையல் டேப்பைக் கூடையிலிருந்த பெரிய பஞ்சவர்ண ரக மாங்காயின் இடுப்பில் சுற்றினோம். அதற்குத் தோதான வாய் ஒரு விற்பனையாளரிடம் இருந்தது. அவர் மேல் இருந்த பெரிய புகார், தாமதம். சுங்க வரி சேர்ந்தாலும் கட்டுபடியாகிறதா என்று பார்த்துவிட்டு, கடைக்குள்ளேயே பணம் கட்டினேன், இதற்கென்று கொஞ்சமாகப் பணம் போட்டுவைத்திருக்கும் அட்டையிலிருந்து.

புகார் உண்மைதான். காய் முற்றிக்கொண்டே வந்தது, பார்சல் வரவில்லை. நான் போகும்போதெல்லாம் அக்கா மரங்களையும் என் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் வந்தேவிட்டது.

பிரிப்பதை வீடியோ எடுக்க வேண்டும், உடைந்திருந்தால் அதுதான் சாட்சி என்றேன். மச்சான் போய்த் தலை சீவிக்கொண்டு வந்தார். உடைசல் இல்லை. ஆனால் மூங்கில் கழி வெட்டுவாயின் அடிக்குழாய்க்குள் லொடலொடத்தது. பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி இறுக்கினார். விற்பவருக்குப் பணத்தை விடுவிக்கும் 'பொருள் கிடைத்தது' என்பதை நான் போனில் அழுத்தப் போனேன்.

"ஏலே, செத்த இரு. காய் எறங்கட்டும். பொறவு அமுக்கு."

மச்சானின் முதல் இழுப்பில் இரண்டு இலைகள் விழுந்தன. அடுத்த இழுப்பில் 'நறுக்' என்றது. கழி மெல்லச் சாய, உச்சிக் கிளையின் காய் இறங்கி வந்தது, நீளக் காம்போடு.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோலில் ஒரு சொட்டுப் பால் இல்லை.

"சரி," என்றாள், "அடுத்த மரத்துக்கு வாங்க."