வெட்டின டயருக்கு கிளைம் கிடையாது

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். ஷோரூம் மேனேஜர் ஒருத்தர். மெட்ராஸிலிருந்து வந்திருந்த டயர் கம்பெனி இன்ஸ்பெக்டர் இரண்டு. டைப் அடிக்கிற பெண் மூன்று. தன் பியட் காருக்கு டயர் வாங்க வந்து சோபாவில் உட்கார்ந்திருந்த சபாரி சூட்காரர் நான்கு. அதியமான்கோட்டையில் டயர் கடை வைத்திருந்த சத்தார் பாய் ஐந்து. நான் ஆறு. வெளியே ஒரு ஆள் லாரியிலிருந்து டயர் இறக்கிக்கொண்டிருந்தான். அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றதால் அவனைச் சேர்க்கவில்லை.

நாங்கள் ஆறு பேரும் ஒரு டயரின் உள்பக்கத்தைப் பார்த்தோம். மூன்று வாரம் கழித்து வந்த கடிதத்தில், உள்ளே எந்தக் கோளாறும் காணப்படவில்லை என்று இருந்தது. அதனால்தான் இத்தனை வருஷமாக இந்த ஆறு பேரையும் மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன். யாராவது கேட்டால் தடுமாறாமல் சொல்ல வேண்டுமே. இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.

போன மாதம் மகன் தன் காருக்கு டயர் மாற்ற என்னையும் அழைத்துப் போனான். தர்மபுரி பைபாஸில் புதிதாக வந்திருக்கிற கடை. கடை என்றால் அவனுக்குக் கோபம் வருகிறது. கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் எனக்கு முதலில் பட்டது வாசனைதான். எலுமிச்சை வாசனை. நாலு பக்கமும் கூரை வரைக்கும் டயர் அடுக்கி வைத்திருக்கிறார்கள், ரப்பர் நாற்றம் துளிகூட இல்லை. ஒரு டயர் கடையில் ரப்பர் நாற்றம் இல்லையென்றால் எனக்குச் சந்தேகம் வரும். எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றும். அப்புறம்தான் கல்லாவுக்கு மேலே இருந்த பெயரைப் பார்த்தேன். அந்தச் சேலம் ஷோரூமில் நான் பார்த்த அதே பெயர். எழுத்துக்கூட அதே சிவப்பு.

"அப்பா, கம்முனு உக்காருங்க," என்றான் மகன். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

சத்தார் பாய் கடையில் நாற்றத்துக்குப் பஞ்சமே கிடையாது. பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் நாற்றம், மண்ணெண்ணெய், கருகின ரப்பர், பீடி. நாலு கம்பு நட்டு மேலே தகரம் போட்ட கடை. சேலம் ரோட்டில் போகிற லாரிகள் எல்லாம் அங்கே நின்றுதான் போகும். பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியில் முகம் கழுவுகிற டிரைவர்களைத் திட்டுவதே அவருக்குப் பாதி வேலை. காற்று பார்க்கிற கேஜை பேனா மாதிரி சட்டைப் பையில் சொருகியிருப்பார். அதற்குப் பக்கத்தில் நிஜப் பேனாவும் இருக்கும். பேனா எழுதி நான் பார்த்ததில்லை.

அவரை நல்லவர் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த மனிதர் என்னை ஏமாற்றியிருக்கிறார். நான் எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு, பாப்பாரப்பட்டியிலிருந்து வந்து, அதியமான்கோட்டையில் எண்ணெய் மில் வைத்திருந்த ரங்கசாமி என்பவருடைய அம்பாசடரை ஓட்டிக்கொண்டிருந்த காலம். எண்பதுகளின் நடுப்பகுதி. 'ஒரே ஒரு வருஷம் ஓடின டயர்' என்று சத்தார் பாய் ஒரு பழைய டயரை எனக்கு விற்றார். தேய்ந்துபோன பட்டனை, அதுதான் டயர் மேலே இருக்கிற வெட்டுகளை, சூட்டுக் கத்தியால் ஆழமாக்கி, மேலே கறுப்பு பாலிஷ் பூசியிருந்தார். முதல் மழையில் பாலிஷ் கரைந்து, பம்பரெல்லாம் மை மாதிரி ஒழுகியது. நான் போய்க் கத்தினேன். அவரும் கத்தினார். என் ஊரைச் சொல்லித் திட்டினார், நான் அவர் தாடியைச் சொல்லித் திட்டினேன். லாரிக்காரர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் நாற்பது ரூபாயை என் மேல் வீசி எறிந்துவிட்டு, "நாயே, டீ சாப்டுட்டு போ," என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அந்தக் கோபத்தில்தான் முதலாளியிடம் சொன்னேன், இனிமேல் சேலத்திலேயே பெரிய ஷோரூமில் புதிதாக வாங்கிவிடலாம் என்று. கண்ணாடிக் கதவு, ஏசி, ரசீது, ஒரு வருஷ கேரண்டி. ஒரு டயர் ஐந்நூற்று நாற்பது ரூபாய். இரண்டு வாங்கினோம். மேனேஜர் எனக்குக் கூட 'சார்' போட்டார். அதற்கு முன்னால் என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையில் மயங்கிப்போனேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

புது டயரோடு சத்தார் பாய் கடையில் போய் நின்றபோது அவர் எழுந்திருக்கவே இல்லை. "ஏம்ப்பா, டயரு வாங்க சேலம். காத்து புடிக்க மட்டும் சத்தாரா?" என்றார். ஆனாலும் காற்றுப் பிடித்துவிட்டார். அவர் கடையில் காற்றுக்குக் காசு கிடையாது. நான் காலையில் ஒரு தடவை போவேன், பொழுது சாயும்போது ஒரு தடவை போவேன். என் சுபாவம் அப்படி. பிரேக் பிடிக்குமா, ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா, கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ராத்திரி எழுந்து போய்க்கூடப் பார்த்திருக்கிறேன். அந்தக் காரில் நான் பயப்படாமல் விட்ட ஒரே சாமான் அந்தப் புது டயர்கள்தான். காற்று மட்டும் சரியாக இருந்தால் போதும் என்று இருந்தேன்.

நாற்பத்தோராவது நாள், தொப்பூர் இறக்கத்தில், முன்பக்கம் இடது டயர் வெடித்தது.

பின் சீட்டில் முதலாளி தூங்கிக்கொண்டிருந்தார். வண்டி என் கையை மீறி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய், மலையோரத்து மண்மேட்டில் ஏறி நின்றது. மேடு இல்லாத இடமாக இருந்தால் இதை எழுத நான் இல்லை. முதலாளி கண்ணை விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "புது டயராச்சேடா?" என்பதுதான். நான் ஜாக்கியை இரண்டு தடவை தப்பான இடத்தில் வைத்தேன். வெள்ளை வேட்டியோடு அவரே உட்கார்ந்து நட்டைக் கழற்றினார். நட்டைக் கழற்றிக்கொண்டே, டயர் காசு ஷோரூமிலிருந்து வராவிட்டால் என் சம்பளத்திலிருந்து மாதம் அறுபது பிடிப்பதாகச் சொன்னார். அப்போது என் சம்பளம் முந்நூற்றைம்பது. அதில் இருநூறு வீட்டுக்குப் போகும். மீதியில்தான் வயிறு.

வெடித்த டயரைச் சத்தார் பாயிடம் காட்டினேன். கிழிந்த இடத்தில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார். "இது காத்துல போனதில்ல தம்பி. உள்ள நூலு ரப்பர்ல ஒட்டவே இல்ல. செஞ்ச எடத்துலயே கோளாறு," என்றார். கூடவே, என்னிடம் வாங்கியிருந்தால் இந்நேரம் என் சட்டையைப் பிடித்திருப்பாய், இப்போது போய் எந்தக் கண்ணாடியைப் பிடிப்பாய் என்று ஒரு குத்தும் குத்தினார். கேரண்டிப்படி புது டயர் கேட்டு ஷோரூமில் எழுதிக் கொடுத்தேன்; டயரைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்குப் பாயைத் துணைக்கு வரச் சொன்னேன். திட்டிக்கொண்டே கடையைச் சாத்தினார். டயரை பஸ் மேலே போட்டுக்கொண்டு இரண்டு பேரும் சேலம் போனோம்.

இன்ஸ்பெக்டர் டயருக்குள் டார்ச் அடித்தார். அரை நிமிஷம் இருக்கும். பிறகு என்னைப் பார்த்து, "ஏர் எப்பப்ப செக் பண்ணுவீங்க?" என்று அன்பாகக் கேட்டார். அந்த அன்பை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். நல்ல பெயர் வாங்கிவிடலாம் என்று நினைத்துச் சொன்னேன்:

"காத்தால ஒருக்கா, பொழுது சாய ஒருக்கா பாப்பனுங்க. வெயிலு ஜாஸ்தியா இருந்தா மத்தியானமும் பாப்பனுங்க."

"எங்க?"

"பாய் கடையிலங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். ஒவ்வொரு தடவை கேஜ் வைக்கும்போதும் கொஞ்சம் காற்று வெளியே போகும், ரோட்டோரக் கடையில் தினமும் மூன்று தடவை காற்றைத் திறந்துவிட்டு ஓட்டியிருக்கிறார் என்று மேனேஜரிடம் பொறுமையாக விளக்கினார். நான் ஒருத்தன் நிற்கிறேன், என்னிடம் சொல்லவில்லை. என் பயமே என் குற்றமாகிவிட்டது. ஒரு பேப்பரில் கையெழுத்து கேட்டார்கள், போட்டேன். இங்கிலீஷில் இருந்தது. பிறகு அவர் சாக்பீஸை எடுத்து டயர் மேலே பெரிதாக ஆர் என்று இங்கிலீஷ் எழுத்தை எழுதினார்.

சொன்னால் சிரிப்பீர்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆர் என்றால் ரங்கசாமி, முதலாளி பெயரை எழுதிக்கொள்கிறார், புது டயர் அந்தப் பெயரில் வரும் என்று நினைத்தேன்.

"உம் மொதலாளி பேருல்லப்பா," என்றார் சத்தார் பாய். "ரிஜெக்ட்டு."

சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து பஞ்சர் கத்தியை எடுத்தார். பளபளவென்று இருந்த அந்தத் தரையில் டயரைப் படுக்கப் போட்டு, முழங்காலால் அழுத்தி, கிழிந்த இடத்தில் கத்தியை விட்டு ஒரு முழம் இழுத்தார். மேனேஜர் "ஏய், ஏய்" என்று எழுந்தார். அதற்குள் பாய் இரண்டு கையாலும் விரித்துவிட்டார். பரோட்டாவைப் பிய்க்கிற மாதிரி அடுக்கு அடுக்காகக் கையோடு வந்தது. நூல் தனி, ரப்பர் தனி. நூல் புதுத் துணி மாதிரி காய்ந்து கிடந்தது. ஒரு பொட்டு ரப்பர்கூட அதில் பிடித்திருக்கவில்லை.

"காத்தா இது? நல்லா பாருங்க சார். காத்தா?"

எல்லோரும் பார்த்தோம். டைப் சத்தம் நின்றுவிட்டது. சபாரி சூட்காரர் சோபாவிலிருந்து எழுந்து வந்து குனிந்து பார்த்து, உச்சுக்கொட்டினார். மேனேஜர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் ஒரு நிமிஷம் முழுக்கப் பயமில்லாமல் நின்றது அப்போதுதான்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். "வெட்டின டயருக்கு கிளைம் கிடையாது," என்றார். எங்கள் ரசீதை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்த எழுத்தில் ஒரு வரியைக் காட்டினார். கம்பெனி அனுமதி இல்லாமல் அறுக்கப்பட்ட டயருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. அறுக்காவிட்டால் கோளாறு தெரியாது. அறுத்தால் கிளைம் கிடையாது. இதை எழுதினவன் எவ்வளவு படித்திருக்க வேண்டும், நினைத்துப் பாருங்கள்.

சத்தார் பாய் அப்படியே முழங்கால் போட்டபடி இருந்தார். கையில் கத்தி. டைப் அடிக்கிற பெண் குனிந்துகொண்டே, "கேட்டுட்டு வெட்டியிருக்கலாமேங்கண்ணா," என்றது. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் மூன்று வாரம் கழித்து வந்த அந்தக் கடிதத்தை டைப் அடித்தது அதுவாகத்தான் இருக்கும். சபாரி சூட்காரர் என்ன செய்தார் தெரியுமா? டயருக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்டார். குறைத்தார்கள். அதே கம்பெனி டயர் நான்கு வாங்கிக்கொண்டு போனார். உள்பக்கத்தைக் கண்ணால் பார்த்த மனிதர்.

ஒன்பது மாதம் என் சம்பளத்தில் அறுபது அறுபதாகப் போனது. பாயோடு நான் பேசவில்லை. ஜெயிக்க வேண்டியதைக் கத்தியால் கெடுத்தார் என்று ஆத்திரம். காற்றுக்கு தர்மபுரி பெட்ரோல் பங்க் வரைக்கும் போனேன். கடைசி மாதம் பிடித்த வாரத்தில் அவரே மில்லுக்கு வந்தார். பத்து ரூபாய் நோட்டுகளாகப் பதினெட்டை என் கையில் வைத்தார்.

"மூணு பங்கு. உன் வாய்க்கு ஒண்ணு, என் கத்திக்கு ஒண்ணு, அவனுங்க டயருக்கு ஒண்ணு. இது எம்பங்கு. அவனுங்க பங்க அவனுங்ககிட்ட வாங்கிக்க. வாங்காம வுட்டுடாத."

அவ்வளவுதான் சொன்னார். கேஜை எடுத்து, நான் கேட்காமலே நாலு சக்கரத்துக்கும் காற்று பார்த்துவிட்டுப் போனார்.

போன மாதம் பைபாஸ் கடையில் மகன் கார்டு தேய்த்துக்கொண்டிருந்தபோது, கல்லாவில் இருந்த பெண்ணிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், உங்கள் கடை எனக்குப் பணம் தர வேண்டும் என்று. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "கூப்பன் கோடு இருக்கா அங்கிள்?" என்றது. மகன் என் கையைப் பிடித்து இழுத்தான். யார் சட்டையைப் பிடிப்பது? அங்கே எல்லோரும் ஒரே மாதிரி சட்டை போட்டிருக்கிறார்கள். அவர்கள் சட்டை இல்லை, கடை கொடுத்த சட்டை. ரசீதைக் கேட்டேன், மகனுடைய போனுக்கு வந்துவிட்டதாம். போனை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் என்று ஒன்று இல்லை.

திரும்பி வரும்போது அதியமான்கோட்டையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். தகரக் கொட்டகை இருந்த இடம் நாலு வழிச் சாலைக்கு அடியில் போய்விட்டது. சத்தார் பாயும் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. கத்தினால் திருப்பிக் கத்துகிற டயர்க்காரர் ஒருவர்கூட இன்றைக்கு அந்த ரோட்டில் இல்லை. மகன் காரின் புது டயரைக் குனிந்து தொட்டுப் பார்த்தேன். "காத்தெல்லாம் சரியா இருக்குப்பா, ஏறுங்க," என்றான்.

என் பங்கு தீர்ந்தது. பாய் பங்கு தீர்ந்தது. அவர்கள் பங்கு இன்னும் வரவில்லை. நூற்று எண்பது ரூபாய்.