துடுப்பில்லாத டிங்கியும் கைதட்டிய கப்பலும்

சாட்சி சொல்ல உங்களைத்தான் அழைக்கிறேன். வேறு யாரை அழைப்பது? சம்பவ இடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எங்களைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே கைதட்டினார்கள்.

ஆகவே, வாரந்தோறும் இந்தப் பக்கத்தில் என் வாதத்தைப் பொறுமையோடு கேட்கும் நீங்கள், இந்த வாரம் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். நடந்ததை நடந்தபடி வைக்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

தீபாவளி முடிந்து சில வாரங்கள் ஆகின்றன. சிவகாசி வட்டாரத்தில் இந்த நாள்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆலைகளுக்குப் பூட்டு. காலை பஸ்ஸில்கூட உட்கார இடம் கிடைக்கும். முதலாளிகள் வெளி மாநில ஏஜெண்டுகளை அழைத்து, விருந்து வைத்து, அடுத்த சீசனுக்கான ஆர்டரைப் பேசி முடிப்பது இப்போதுதான். வழக்கமாக அந்த விருந்து கொடைக்கானலில் நடக்கும்.

எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் — ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு ஆலை, திருத்தங்கலில் அச்சகம் — இந்த ஆண்டு ஒரு படி மேலே போனார். கொச்சியில் யாரோ விற்ற மோட்டார் உல்லாசப் படகு ஒன்றை வாங்கி, தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊருக்கு எதிரே நங்கூரம் பாய்ச்சி நிறுத்திவிட்டார். கண்மாய் நிறைந்தால் செய்தியாகிவிடும் மாவட்டத்துக்காரர், கடலில் சொந்தக் கப்பல் வைத்திருக்கிறார்! பெருமைதானே? நானும் பெருமைப்பட்டேன். கப்பலிலேயே விருந்து, அதில் வரவேற்புரை மேடைப் பேச்சாளனான என்னுடையது என்று சொன்னபோது, கண்ணாடி முன் நின்று பேசிப் பார்க்கவும் செய்தேன்.

அந்தப் பெரிய படகு கரைக்கு வராது, ஆழம் போதாது. ஆளையும் சாமானையும் கரையிலிருந்து கொண்டுபோய்ச் சேர்க்க அதற்கு ஒரு சின்னப் படகு வேண்டும். காற்றடித்த ரப்பர் உடம்பு, பின்னால் தொங்கும் குட்டி இன்ஜின், நான்கு பேர் நெருக்கி உட்காரலாம். டிங்கி என்பார்கள். பெரியதை வாங்கியபோது அதுவும் கூடவே வந்தது. பெரியதுக்குப் பூசை நடந்தது, மாலை விழுந்தது, குடும்பத்தோடு போட்டோ எடுத்தார்கள். சின்னதை மடித்து, ஆலையில் அட்டைப் பெட்டி அடுக்கும் கோடவுனில் போட்டார்கள்.

சாட்சிகளே, இங்கேதான் கவனம் தேவை.

கரையில் விட்டால் களவு போய்விடும் என்ற பயத்தில், ஒவ்வொரு தடவையும் டிங்கியின் காற்றைப் பிடுங்கி, வேனில் ஏற்றி, அந்தக் கோடவுனுக்கே கொண்டுவந்துவிடுவார்கள். பட்டாசு ஆலை வாசலில் என்ன சட்டம்? தீப்பெட்டி உள்ளே வரக் கூடாது. பெட்ரோல் கூடாது. உலோகம் கூடாது. செல்போனை ஒப்படைத்துவிட்டுத்தான் காலை உள்ளே வைக்க வேண்டும். நல்ல சட்டங்கள்... எத்தனையோ உயிர்களைக் காத்து நிற்கும் சட்டங்கள். அவற்றில் ஓர் எழுத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

வாசல் காவலாளி அந்தச் சட்டப்படியே டிங்கியையும் ஒரு தொழிலாளியைச் சோதிப்பதுபோலச் சோதித்தார். டாங்கில் இருந்த பெட்ரோலைச் சொட்டு மிச்சமில்லாமல் வடித்தார். அலுமினியத் துடுப்பு இரண்டையும் பிடுங்கி வெளி ஷெட்டில் சாத்தினார். நங்கூரமும் சங்கிலியும் அங்கேயே போயின. இன்ஜின் அண்ணாச்சி வீட்டுக் கார் ஷெட்டுக்குப் போனது. உள்ளே போனது வெறும் ரப்பர்.

திரும்பக் கடலுக்குப் புறப்படும்போது? ரப்பரை எடுத்தார்கள். இன்ஜினை எடுத்தார்கள். டாங்கையும் எடுத்தார்கள். வெளி ஷெட்டை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

டிங்கியை ஓட்டுபவர் ஆலை வேனின் டிரைவர் முருகேசன் அண்ணன். தாயில்பட்டிக்காரர். ஆரம்பத்தில் மருந்து ரூமில் வெடிக்கு மருந்து செலுத்தும் வேலை. பிறகு லைசென்ஸ் எடுத்து டிரைவர் ஆனவர். நீச்சல் தெரியாது. கண்மாயில் தண்ணீர் கிடந்தால்தானே நீந்திப் பழக முடியும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். சரி, கடலில் படகு ஓட்ட யார் கற்றுக்கொடுத்தார்கள்? கயிற்றை இழுத்தால் இன்ஜின் உறுமும், கைப்பிடியைத் தள்ளினால் படகு திரும்பும். அவருக்குத் தரப்பட்ட பயிற்சி அவ்வளவுதான்.

விருந்து நாள் சாயங்காலம் ஏஜெண்டுகள் எல்லோரும் பெரிய படகுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடைசி நடையில் முருகேசன் அண்ணனும் நானும். எங்களுக்கு நடுவே ஒரு பெட்டி சோடா. என் மடியில், பொழுது சாய்ந்ததும் ஏஜெண்டுகளுக்கு வெடித்துக் காட்ட வேண்டிய சாம்பிள் பெட்டி.

ஏறும்போதே கேட்டேன், மிதவைச் சட்டை எங்கே என்று. பெரிய படகில் ஆளுக்கு ஒன்றாக, பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் அடுக்கி வைத்திருந்ததைப் போட்டோவில் பார்த்திருந்தேன். முருகேசன் அண்ணன் சிரித்தார். அவரும் முன்பே கேட்டிருக்கிறாராம். அண்ணாச்சி சொன்ன பதிலை அண்ணாச்சியின் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

"ஏலே, அந்தப் படகே மிதவைதானலே. மிதவைக்கு எதுக்கு இன்னொரு மிதவை?"

மேடைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல வரி. எந்த ஊரிலும் அரங்கம் அதிரும். அதனாலேயே எனக்குக் கோபம் இரட்டிப்பாகிறது. அரங்கை அதிர வைக்கும் வரி உண்மையாகவும் இருந்துதான் ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை... இதை என்னைவிட யார் அறிவார்?

பாதி வழியில் இன்ஜின் இருமியது. இன்னொரு முறை இருமியது. நின்றது.

டாங்க் காலி. அன்று காலை முருகேசன் அண்ணன் ஒரு தண்ணீர் பாட்டில் பெட்ரோல்தான் ஊற்றியிருந்தார். ஏன் அண்ணே என்றேன்.

"எப்படியும் வீடு திரும்புனா கேட்ல வடிச்சிருவாக தம்பி. எதுக்கு அம்புட்டு ஊத்தணும்னுதான்..."

ஆலை வாசலில் நின்று பழகிய மனிதரின் யோசனை. தரையில் இருக்கும்வரை அதில் ஒரு பிழையும் கிடையாது.

துடுப்பு? ஷெட்டில். நங்கூரம்? ஷெட்டில். செல்போன்? அவருடையது வேனில், எங்கே இறங்கினாலும் அதை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போவது அவர் பழக்கம். என்னுடையதில் டவர் இல்லை. வாடைக் காற்று எங்களைத் தெற்கே தள்ளிக்கொண்டு போனது. தெற்கே என்ன இருந்தது என்று கேட்கிறீர்களா? பாறைத் திட்டு. அலை அதில் மோதி வெள்ளையாகச் சிதறுவது நன்றாகவே தெரிந்தது.

முருகேசன் அண்ணன் ஓரத்துக் கயிற்றை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். பிறகு பாறையைப் பார்த்தபடியே சொன்னார்.

"மருந்து ரூம்ல உசுரக் கையில பிடிச்சிக்கிட்டு இருந்தவன்தான் தம்பி நான். அங்கன ஒண்ணுன்னா ஓடுறதுக்கு நாலு பக்கமும் வாசல் வச்சிருப்பாக. இங்கன எந்தப் பக்கம் ஓட?"

எழுந்து நின்று கத்தினேன். மைக் கெட்டுப்போன அரங்கில் கடைசி வரிசைக்கும் கேட்ட குரல் இது. கல்லூரிக் காலத்தில் கோப்பை கோப்பையாக வாங்கிய குரல். எதிர்க்காற்று அதை அப்படியே என் வாய்க்குள் திருப்பி அடித்தது. பெரிய படகில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

அப்போதுதான் மடியில் இருந்த பெட்டியின் நினைவு வந்தது. ஆபத்து என்றால் வானத்தில் வெளிச்சம் விட வேண்டும். அது உலகத்துக் கடல்காரர்கள் எல்லோருக்கும் பொது. படகை விற்ற கொச்சிக்காரர், அதற்கென்றே தயாரிக்கும் சிவப்பு வெளிச்சக் குச்சிகளை வாங்கி டிங்கியில் வைக்கும்படி சொல்லித்தான் அனுப்பினாராம். அண்ணாச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லையாம். சிவகாசிக்காரன் போய் அடுத்தவனிடம் வாணம் வாங்குவதா?

ராக்கெட்டை எடுத்தாயிற்று. பற்ற வைக்க? நாட்டுக்கே தீப்பெட்டி அனுப்பும் மண்ணில் பிறந்த இரண்டு பேர். எங்கள் சட்டைப் பையில் ஒரு குச்சி கிடையாது. அவரிடம் இருக்காது, அது ஆலைப் பழக்கம். எனக்குப் புகைப் பழக்கம் இல்லை. நல்லவேளை, சாம்பிளோடு சாம்பிளாகக் கலர் தீப்பெட்டி ஒன்றும் பெட்டிக்குள் இருந்தது. காலி டாங்கை முடிந்தவரை தூரமாக முனையில் தள்ளி வைத்தோம். அவர் ஒரு சோடாவை உடைத்துக் கடலில் கொட்டினார். ரப்பர் படகுக்குள், காற்றுக்கு முதுகு காட்டிக் குனிந்து, பாட்டிலை வெளிப்பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு, பச்சையாக எரிந்த குச்சியால் திரியைத் தொட்டார். என் வாழ்நாளில் நான் பார்த்த மிக முட்டாள்தனமான துணிச்சல் அது. எங்களுக்கு வேறு வழியும் இல்லை.

ராக்கெட் ஏறியது. உச்சியில் சிவப்பும் பச்சையுமாகப் பூத்தது.

பெரிய படகில் பாட்டு நின்றது. எல்லோரும் ஓடிவந்து கம்பிப் பக்கம் நின்றார்கள். பார்த்தார்கள். கைதட்டினார்கள்!

இரண்டாவதும் விட்டோம். விசில் அடித்தார்கள். எங்கள் குரலைத் திருப்பி அனுப்பிய அதே காற்று அவர்கள் குரலை மட்டும் ஒழுங்காக எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. மூன்றாவதுக்கு ஒருவர் "ஒன்ஸ்மோர்" என்றார். இன்னொருவர் புதிதாக வாங்கிய கேமரா செல்போனைத் தூக்கிப் பிடித்து எங்களைப் படம் எடுத்தார். எந்த ஊர்க்காரன் கடலில் வாணம் விட்டாலும் உயிர் போகிறது என்று புரிந்துகொள்வார்கள். சிவகாசிக்காரன் விட்டால் மட்டும் சாம்பிள் காட்டுகிறான் என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த அநியாயத்தை நான் எந்த மேடையில் போய் வாதாடுவது?

நான் சட்டையைக் கழற்றிக் கொடிபோல வீசினேன். முருகேசன் அண்ணனும் கழற்றி வீசினார். வலை போடப் போய்க்கொண்டிருந்த ஒரு பைபர் படகு, போகிற போக்கில் வளைந்து எங்களிடம் வந்தது. அதில் இருந்தவர்களில் மூத்தவர் ஒரு கயிற்றை எறிந்துவிட்டு, சலித்துக்கொள்ளும் குரலில் சொன்னார்.

"வேடிக்கைக்கு வாணம் போடுதவன் சட்டையக் கழத்தி ஆட்ட மாட்டாம்லா. அதான் வந்தோம்."

நன்றி சொல்வதற்குள் எங்களையும் டிங்கியையும் பெரிய படகின் ஏணியில் சேர்த்துவிட்டு அவர்கள் வலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

இனி நான் சொல்லப்போவதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் ஏறி நின்றதும் அண்ணாச்சி முருகேசன் அண்ணனிடம் முதலில் கேட்டது இன்ஜினைப் பற்றி. அது தண்ணீருக்குள் போகவில்லையே? பிறகு என் தோளில் தட்டி, கடலிலிருந்து விடும் யோசனை பிரமாதம் என்றார். இரண்டு ஏஜெண்டுகள் அந்த ஐட்டத்துக்கு ஆர்டர் சொல்லிவிட்டார்களாம்!

நடந்ததைச் சொன்னேன். துடுப்பு, பெட்ரோல், பாறை — ஒன்றையும் விடவில்லை. அண்ணாச்சி கொடியவர் அல்லர். ஆலையில் ஒரு தொழிலாளி, உரசினால் பொறி கிளம்பும் டெரிலின் சட்டை போட்டு வந்தால், பருத்தியில் மாற்றிவிட்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்புகிறவர். ஆனால் அந்தக் கவனம் ஆலைச் சுவரோடு நின்றுவிடுகிறதே, ஏன்? உள்ளே ஆய்வாளர் வருவார். கடலுக்குள் யார் வருவார்? கல்யாண மண்டபத்துக்கு ஏசி போடுவோம், சமையல்கட்டில் புகை போக ஒரு ஜன்னல் வைக்க மாட்டோம். பெரியதை வாங்கப் பணம் போதும். அதன் வாலைப் பிடித்து வரும் சின்னதைப் பேண, அதில் யார் உட்காருகிறார் என்ற நினைப்பு வேண்டும்.

கேட்டு முடித்ததும் அண்ணாச்சி ஏணியைக் காட்டினார்.

"அதான் நல்லபடியா வந்து சேந்துட்டீகள்ல. ஏலே முருகேசா, கரையில ஐஸ் பெட்டி கெடக்கு. இங்கன இருந்து பெட்ரோலை ஊத்திக்கிட்டு ஒரு நடை போய்ட்டு வந்துரு. தம்பி, நீங்க மைக்கைப் பிடிங்க."

முருகேசன் அண்ணன் சாரலில் நனைந்த சட்டையை உதறி மாட்டிக்கொண்டு, ஏணியை நோக்கி நடந்தார். எனக்கு நெஞ்சு கொதித்தது அந்தக் காட்சிக்குத்தான். பாறைக்குக்கூட இல்லை.

அடுக்கியிருந்த மிதவைச் சட்டைகளில் மேலே கிடந்ததை உருவினேன். உறையைக் கிழித்தேன். முருகேசன் அண்ணன் தோளில் மாட்டி வார்களை இறுக்கினேன். வேண்டாம் தம்பி, அண்ணாச்சி கோவிச்சுக்கிடுவாக என்று அவர் முணுமுணுத்தார். விருந்தினர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் அண்ணாச்சி சிரித்தார். இன்றைக்கு ஒரு நாள் போட்டுக்கொள்ளட்டும் என்றார். அழுக்காக்காமல் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும் என்றார்.

இன்றைக்கு ஒரு நாள்!

மைக் என் கையில் இருந்தது. கண்ணாடி முன் பழகிய வரவேற்புரையில் ஒரு சொல்லும் நினைவில் இல்லை. ஏஜெண்டுகளுக்குப் புரிந்ததோ இல்லையோ, அண்ணாச்சிக்குப் புரியும்படி நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

"அண்ணாச்சி, இனிமே அந்தச் சின்னப் படகுல முருகேசன் அண்ணன் மிதவைச் சட்டை இல்லாம ஏறுற ஒவ்வொரு நடைக்கும், நானும் அது இல்லாம அவரு பக்கத்துல ஏறி உக்காருவேன்."