முள் உருளையும் வேப்பிலையும்

முகத்தில் ஊசி குத்துவதுதான் என் பிழைப்பு. குத்து வாங்கியவர்கள் நன்றியும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வேறெந்தத் தொழிலில் இது நடக்கும்?

பரு போனாலும் குழி போகாமல், போட்டோ எடுக்கும்போதெல்லாம் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்ளும் அன்பர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நானும் உங்கள் கட்சி, என் கன்னத்திலும் குழிகள்தான். வாணியம்பாடியில் தோல் மருத்துவர். மாதத்தில் ஒரு சந்தை நாள், நர்ஸ் ஷபானாவோடு பஸ்ஸில் மலையேறி, ஜமுனாமரத்தூரில் ஒரு மளிகைக் கடை மாடியில் நோயாளிகளைப் பார்ப்பேன். மலரை அங்கேதான் முதலில் பார்த்தேன்.

முதல் கேள்வி

மலருக்கு இருபத்தாறு வயது. துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். இரண்டு கன்னத்திலும் ஆழமான குழிகள். நுண்ணிய முட்கள் உள்ள உருளையைக் காட்டி விளக்கினேன். இதை உருட்டினால் தோலில் பொடிப்பொடியாகத் துளை விழும், அது ஆறும்போது குழியும் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறும், மாதம் ஒரு முறை வர வேண்டும், இரவில் ஒரு க்ரீம், பகலில் வெயில் படாமலிருக்க ஒரு க்ரீம் என்று நீளமாகப் பேசினேன். அவள் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷபானா சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவ்ளோ நல்லதுன்னா நீங்க ஏன் டாக்டரம்மா பண்ணிக்கல?"

மரத்துப்போகும் நேரம்

குத்துவதற்கு முன் மரத்துப்போகும் க்ரீம் பூசி முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் மனிதர்கள் மனம் திறக்கிறார்கள். சந்தைக்குச் சாமை விற்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு வருவதாக மலர் சொன்னாள். தங்கை வள்ளிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தனக்கு முந்தித் தங்கைக்கு நடக்கிறதே என்ற வருத்தமா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அதில்லீங்க. எந்த விசேசத்துல போட்டோ புடிச்சாலும், மலரு நீ பின்னாடி நில்லும்பாங்க. வள்ளி கண்ணாலத்துல மட்டும் முன்னாடி நிக்கணும்."

வெயில்

ஊசி குத்திய பிறகு ஒரு வாரம் வெயிலில் போகாதே என்று மலரிடம் சொன்னேன். வாணியம்பாடியில் எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறேன். அங்கே தலையாட்டிவிட்டுப் போவார்கள். மலர் தலையாட்டவில்லை.

"சாமைக்குக் களை யாரு எடுப்பாங்க, நீங்க வர்றீங்களா?"

கடைசி பஸ்

மூன்று முறை நல்லபடியாக முடிந்தது. நான்காவது முறை, மழையில் மலைப்பாதையில் பாறை சரிந்ததால் நாங்கள் போகமுடியவில்லை. பாதை சரியாகி நாங்கள் மலையேறியபோது கல்யாணத்துக்கு ஆறே நாள்தான் இருந்தது. இப்போது வேண்டாம் என்றேன். ஐந்து நாளில் சிவப்பு அடங்கிவிடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று மடக்கினாள். கண் கலங்கியிருந்தது. நான் இளகிவிட்டேன்.

முடிக்கும்போதே கீழே கடைசி பஸ் ஹாரன் அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒவ்வொரு முறையும் மறக்காமல் சொல்லும் ஒன்றை அன்றைக்குச் சொல்லவில்லை: நாலைந்து நாளைக்கு இரவு க்ரீமைத் தொடாதே. புண்ணான தோலில் அது எரித்துவிடும். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில்தான் ஞாபகம் வந்தது. போனில் சிக்னல் இல்லை. இறங்கிய பிறகும் அவளுக்கு லைன் கிடைக்கவில்லை. ஷபானாதான் சமாதானம் சொன்னாள்.

"மூணு வாட்டி சொல்லிக்கீறோமே மேடம், அவளுக்குத் தெரியாதா இன்னா?"

வேப்பிலை

அடுத்த மாதம் மலர் வந்தாள், துப்பட்டாவால் மூடாமல். குழிகள் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தன. நான் சந்தோஷமாகக் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள்.

இந்த முறை நான் இரவு க்ரீம் வேண்டாமென்று சொல்லாததால், சீக்கிரம் ஆறட்டுமென்று அதைத் தினமும் பூசியிருக்கிறாள். மூன்றாம் நாள் முகமெல்லாம் வீங்கி, சிவந்த கொப்புளம். அம்மா பார்த்ததும் அம்மை என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். மலர் அப்போதுதான் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். "ஆத்தா வந்ததை டாக்டரு பண்ணதுன்னு சொல்லாதடி, கண்ணு போயிடும்" என்று அம்மா அவள் வாயைப் பொத்தியிருக்கிறாள். அம்மை கண்ட வீட்டில் கல்யாணம் கூடாது; முகூர்த்தத்தைத் தள்ளவோ மாப்பிள்ளை வீட்டார் சம்மதிக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: மலரைக் கொல்லைக் கொட்டாயில் வைத்து வாசலில் வேப்பிலை செருகிவிட்டால், ஆத்தா கொட்டாயில்தானே இருக்கிறாள், வீட்டில் இல்லையே! கல்யாண மேளம் கொட்டாய் வரை கேட்டதாம்.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றேன். மலர் போனில் கல்யாணப் போட்டோவைக் காட்டினாள். மணமக்கள், அம்மா, அத்தைமார்கள், சித்தப்பா பிள்ளைகள் என்று எல்லோரும் இருந்தார்கள். அதில் நான் தேடிய முகம் என் எதிரே உட்கார்ந்திருந்தது.

"இந்த வாட்டி பின்னாடி நில்லுன்னு யாரும் சொல்லலீங்க டாக்டரம்மா."

இப்போதெல்லாம் கடைசி பஸ் எத்தனை ஹாரன் அடித்தாலும் சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்காமல் நான் எழுந்திருப்பதில்லை. மலையிறங்க ஜீப் தேடி ஷபானாதான் என்னைத் திட்டிக்கொண்டே அலைகிறாள்.