அப்பா கீழே போட்ட முள்கரண்டி

அக்காவுக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்த வாரம், மாமா பஸ் கண்டக்டரிடம் சேதி சொல்லி அனுப்பியிருந்தார். போர்ட்டிக்சன் கடலோரத்தில் தான் வேலை செய்யும் உணவகத்துக்கு நாங்கள் எல்லோரும் சிக்கன் சாப் சாப்பிட வரவேண்டுமாம். மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. மற்ற வீடுகளில் தாய்மாமன் சீர் என்றால் சேலை வரும், பாத்திரம் வரும். எங்கள் வீட்டுக்கு சிக்கன் சாப் வருகிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் அப்பாவுக்கும் மாமாவுக்கும் பேச்சு வார்த்தை நின்று வெகுநாளாகியிருந்தது. புக்கிட் பெலண்டோக் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் அப்பாவின் பால்வெட்டு பேர் போனது. அவர் கத்தி பட்ட ரப்பர் மரத்தில் ஒரு காயம் இருக்காது. பட்டை மட்டும் சீராகச் சுருண்டு உதிரும். வேலையை மேற்பார்க்கும், எதற்கும் திட்டுகிற மண்டோர்கூட அவர் கையைக் குறை சொன்னதில்லை. அப்படிப்பட்டவர் தோட்ட ஆபீஸ் கிராணியிடம் கெஞ்சி மாமாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்து, பக்கத்திலேயே நிறுத்திப் பழக்கினார். மாமாவோ மரத்துக்கு மரம் காயம் போட்டார். பிறகு ஒரு நாள் காலை வேலைக்குப் பெயர் கூப்பிட்டபோது ஆளைக் காணோம். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பட்டணத்துக்குக் கிளம்பிவிட்டிருந்தார். கிராணி முன்னால் அப்பாதான் தலைகுனிந்து நின்றார். அதன்பின் வீட்டில் மாமாவின் பேச்சை எடுத்தாலே அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

“புள்ளைக்கு நல்லது நடந்திருக்கு. தாய்மாமன் கூப்புட்டுப் போவலன்னா நல்லாவா இருக்கும்?” என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

“போலாம். ஆனா நான் அவன்கிட்ட பேச மாட்டேன்” என்று அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார்.

நாங்கள் போய் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்த இடம் இப்போதும் கனவில் பார்த்த இடம்போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் செம்பு நிறத்தில் கடல். மேசைக்கு மேசை சிவப்புக் கிண்ணத்துக்குள் ஒரு சின்ன விளக்கு. வாசலருகே வெளிச்சம் போட்ட தொட்டியில் மீன்கள் யாருக்கும் அவசரம் இல்லாததுபோல் போய் வந்தன. பேசுகிறவர்கள் எல்லோரும் குரலைத் தணித்தே பேசினார்கள். எங்கிருந்தோ ஒரு பாட்டு வந்தது. எங்கிருந்து என்று நான் தேடிக்கொண்டே இருந்தேன். தரைவிரிப்பில் கால் புதைந்ததும் செருப்பைக் கழற்றலாமா என்று அக்காவைக் கேட்டேன். அக்கா கிள்ளினாள்.

வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்பு வில்டையோடு மாமா வந்தார். அடுக்களையில் தட்டு, மங்கு கழுவும் வேலையில் சேர்ந்து, அந்த மாதம்தான் முன்கூடத்தில் தட்டு தூக்க அனுமதி பெற்றிருந்தார். அப்பாவைப் பார்த்து, “வாங்க சார்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா விளக்கைப் பார்த்தார். மாமா ஒரு நாற்காலியைப் பின்னால் இழுத்தார். அவர் தனக்குத்தான் இழுக்கிறார் என்று நினைத்த அம்மா, “உக்காருப்பா” என்றார்.

“இது ஒனக்குக்கா. நான் உக்காரக் கூடாது.”

ஹாட் பிளேட் வந்தது. இரும்புத் தட்டில் சிக்கன் சாப் சடசடவென்று பொரிந்து புகை விட்டது. அந்தப் புகைக்குள் அம்மாவும் அக்காவும் மறைந்து மறைந்து தெரிந்தார்கள். நான் முள்கரண்டியைத் தூக்கினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்களில் நல்ல காரியத்துக்குச் சாப்பாடு என்றால் முதல் இலை தாய்மாமனுக்குத்தான். அவர் ஒரு வாய் வைத்தபிறகுதான் மற்றவர்கள் கை நனைக்க வேண்டும்.

“தாய்மாமன் நிக்க, நாம உக்காந்து திங்கறதா? ஒரு வாய் சாப்புட்டுப் போப்பா.”

“அக்கா, தவுக்கே பாத்துக்கிட்டே இருக்காருலா. யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு கஸ்டமர் மேசைல வாய் வச்சா அப்பவே வேல போயிரும்.”

கல்லாவில் இருந்த சீன முதலாளி உண்மையிலேயே எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மசியவில்லை. சடசடப்பு மெல்ல அடங்கியது. புகை நின்றது. குழம்பின்மேல் ஆடை படர்ந்தது. தவுக்கே எழுந்து வந்து, சாப்பாடு சரியில்லையா என்று மலாயில் கேட்டார். கேட்டது எங்களை, முறைத்தது மாமாவை. மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. அம்மாவின் கண்ணில் நீர் கோத்துவிட்டது. எனக்கோ பசி.

“நல்லா இருக்கு தவுக்கே. சூடு, அதான்” என்று அப்பா மலாயில் சொன்னார். தவுக்கே திரும்பிப் போய் உட்காரும்வரை காத்திருந்து, அப்பா முள்கரண்டியைக் கையில் எடுத்தார். எடுத்த வேகத்தில் அது நழுவிக் கீழே விழுந்தது.

எடுத்துக் கொடுப்பது மாமாவின் வேலை. அவர் குனிந்து உட்கார்ந்தார். மேசைத்துணி தரைவரை தொங்கியது. கல்லாவிலிருந்து பார்த்தால் ஆள் தெரியாது. அம்மா சட்டென்று கையால் ஒரு துண்டைப் பிய்த்து, துணிக்குக் கீழே நீட்டி மாமாவின் வாயில் வைத்தார். மாமா மென்றுகொண்டே எழுந்து, வேறு முள்கரண்டி கொண்டுவரப் போனார். “ம், சாப்புடுங்க” என்றார் அப்பா.

ஆறிப்போன அந்த சிக்கன் சாப்பைப்போல ருசியாக நான் இன்றுவரை எதையும் சாப்பிடவில்லை.

சற்று நேரத்தில் அப்பா கரண்டியையும் கீழே போட்டார். எனக்குத் தாங்கவில்லை. எங்கே விழுந்தது என்று பார்க்க நானும் துணிக்குள் தலையை விட்டேன். உள்ளே வெளிச்சம் இளஞ்சிவப்பாக, கலங்கிய தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருந்தது. மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கரண்டி அவர் காலடியிலேயே கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அப்பாவின் கை மேலிருந்து இறங்கி வந்து நின்றது, ரப்பர் பால் கறை ஏறிய விரல்களில் ஒரு துண்டு கோழியோடு. மாமா அந்தக் கையையே பார்த்தார். பிறகு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து வாங்கித் தின்றார். “அத்தான்” என்றார். அப்பாவின் கை உடனே போய்விடவில்லை.

அப்பாவுக்கு அந்தக் கோழி பிடிக்கவில்லை போலிருக்கிறது, அதனால்தான் மாமாவுக்குத் தள்ளிவிடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் எனக்கு இந்தக் கதைதான். பெரிய ரெஸ்டாரன்டில் எங்கள் அப்பா முள்கரண்டியைக் கீழே போட்டார், போதாததற்குக் கரண்டியையும் போட்டார் என்று நடித்தே காட்டுவேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்பாவும் கூடவே சிரிப்பார். அம்மா மட்டும் ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து உள்ளே போவார்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் அப்பாவோடு பால்வெட்டுக்குப் போனேன். விடியலின் பனிமூட்டத்தில் மரங்கள் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நின்றன. அப்பா மரத்தைச் சுற்றி நகர, கத்தி பட்டையை மெல்லிய இழையாகச் சீவிக்கொண்டே போனது. கோட்டில் ஒரு பிசிறு இல்லை. மரத்தில் ஒரு கீறல் இல்லை. வெள்ளைப் பால் கோட்டோடு இறங்கி மரத்தில் கட்டியிருந்த மங்கில் சொட்டியது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த நான் கேட்டேன்:

“இதெல்லாம் கைல நிக்குது. அன்னிக்குக் கரண்டி மட்டும் ஏம்ப்பா நழுவிருச்சு?”

அப்பா கத்தியைத் துடைத்துக்கொண்டே, “அது ரொம்ப வழவழன்னு இருந்துச்சும்மா” என்றார்.

நானும் நம்பினேன்.