அம்சம் டீச்சரின் கைகள்

இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை அறிவியல் டீச்சராகப் போட்ட புண்ணியவான் யார் என்று பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியர்கள் அம்சத்தைக் கேலி செய்வார்கள். கேலியில் பொய் ஒன்றும் இல்லை. அமிலப் புட்டியைத் திறக்க வேண்டுமென்றால் அவளுக்கு முதல்நாளே சோறு இறங்காது. மின்சாரம் என்றாலோ கேட்கவே வேண்டாம். வீட்டில் மிக்ஸி போடக்கூட ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டுதான் நிற்பாள்.

இது எதுவும் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியவிடக் கூடாது என்பது அவளுடைய வைராக்கியம். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து அம்மாவும் அப்பாவும் படிக்கவைத்த பெண் அவள். அவள் படித்த காலத்து அறிவியல் வாத்தியார் ஆய்வகத்துப் பீரோவைப் பூட்டியே வைத்திருந்தார். தொட்டால் உடைந்துவிடும், தொட்டால் செத்துப்போவாய், இதுதான் அவர் நடத்திய பாடம். அந்தப் பயம் உடம்பில் ஊறிப்போனது. தன்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்காவது அது ஒட்டக் கூடாது என்று, சோதனை செய்து காட்டி முடித்ததும் நடுங்குகிற கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். வாய் மட்டும் தைரியமாகப் பேசும்.

"பயப்படாதீங்க. ஒண்ணும் ஆகாது."

அன்று ஒன்பதாம் வகுப்புக்கு மின்சாரப் பாடம். சில டார்ச் செல்கள், இரண்டு ஆணி, டப்பாவில் தண்ணீர், ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு. வெறும் தண்ணீரில் எரியாத விளக்கு, ஒரு பிடி உப்பைப் போட்டதும் பளிச்சென்று எரிந்தது. பாடம் மனதில் நிற்கட்டுமே என்று அவள் ஊரையே உதாரணம் காட்டினாள். "நம்ம வயல் தண்ணியிலயும் உப்பு, உரமெல்லாம் கரைஞ்சு கிடக்கு. அதுலயும் கரண்ட் பாயும்."

குத்தகைக்கு நிலம் பார்க்கும் துரைராசுவின் மகள் சுடர்விழி எழுந்து வந்து டப்பாவுக்குள் விரலை விட்டாள். "ஒண்ணுமே தெரியல டீச்சர்!" என்று சிரித்தாள். அவ்வளவுதான், வகுப்பே விரலை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. தன் பயம் தன்னோடு போயிற்று என்று அம்சத்துக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள் காலை. கரண்ட் இல்லை, வகுப்பில் புழுக்கம் ஆளைக் கொன்றது. வருகைப் பதிவு முடிவதற்குள் சுடர்விழி மேசைக்கு ஓடி வந்தாள்.

"டீச்சர், நீங்க சொன்னத எங்க வயல்ல செஞ்சிட்டோம்! ஒரே எலி. பயிர வெட்டி வெட்டிப் போட்டுருது. வயல் தண்ணியில கரண்ட் பாயும்னு டீச்சர் சொன்னாங்கன்னு அப்பாகிட்ட சொன்னேன். மோட்டார் கொட்டாயிலேர்ந்து கம்பி இழுத்துட்டாங்க. எலி செத்து மிதக்குது டீச்சர்!"

அம்சம் வருகைப் பதிவேட்டை அப்படியே மூடினாள். "இப்ப சுவிட்ச நிறுத்தியிருக்குல்ல?"

"கரண்ட்தான் இல்லியே. அப்பா அப்படியே வுட்டுட்டுத் தஞ்சாவூர் போயிட்டாங்க. உங்க தங்கச்சி ராஜாத்தி அக்கா இன்னைக்குக் களையெடுக்க ஆள் கூட்டிட்டு வர்றாங்க."

தலைக்கு மேல் மின்விசிறி ஒரு முனகல் முனகிவிட்டுச் சுற்றத் தொடங்கியது. "ஏய்!" என்று பிள்ளைகள் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள்.

ராஜாத்தியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பாட்டுப் பையோடு அதை வரப்பில் வைத்திருப்பாள். துரைராசுவும் எடுக்கவில்லை. லைன்மேன் காதர் மைதீன்தான் எடுத்தார். "சப்ஸ்டேஷனுக்குச் சொல்லி நிறுத்தச் சொல்றேன் டீச்சர். நானும் வர்றேன். அதுவரைக்கும் யாரையும் தண்ணியில கால வைக்க வுடாதீங்க."

பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, சுடர்விழியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அம்சம் ஸ்கூட்டியை விரட்டினாள். வாய்க்கால் கரைப் பாதை முழுக்கத் தங்கையின் சேற்றுக்கால்கள்தான் கண்ணுக்குள் வந்தன. அவளுக்கு ஏதாவது ஆனால் கொன்றது துரைராசு இல்லை, நான்தான். இதையே மனம் திரும்பத் திரும்பச் சொன்னது.

பெண்கள் வரப்பில் உட்கார்ந்து டீ குடித்து முடித்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தார்கள்.

"கால வைக்காதடி! யாரும் இறங்காதீங்க!"

அந்தக் கத்தலைக் கேட்டுப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். "என்னக்கா, பாம்பா?" என்றாள் ராஜாத்தி. அம்சம் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும், "இவ்வளவுதானா? கொட்டாய் இந்தா இருக்கு. போயி சுவிட்ச இழுத்து வுட்டுட்டு வர்றேன்" என்று கிளம்பினாள்.

"இருங்கக்கா, சுவிட்ச் எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்" என்று சுடர்விழி செருப்பை உதறிவிட்டு வயலைக் குறுக்கே தாண்டிப் போகக் குதித்தாள். கால் தண்ணீரைத் தொடுமுன் அம்சம் அவள் பின்னலைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை மல்லாந்து வரப்பிலேயே விழுந்தாள்.

"வுடுங்க டீச்சர், வலிக்குது! நீங்கதான சொன்னீங்க, ஒண்ணும் ஆகாதுன்னு?"

அம்சம் அவளை எழுப்பி வரப்பில் உட்காரவைத்தாள். அப்போதுதான் பயிருக்குள் வெள்ளையாக எதுவோ கிடப்பதைப் பார்த்தாள்.

"அது உரச்சாக்குக்கா" என்ற ராஜாத்தி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். கொக்கு. கம்பிக்குப் பக்கத்தில், கால்கள் விறைத்து நீட்டிக்கொண்டு, இறக்கையை விரித்துக் கிடந்தது.

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ராஜாத்தி வரப்பிலேயே குந்திவிட்டாள். "அந்தப் பக்கந்தாங்க்கா நான் இறங்குறதா இருந்தேன்" என்று மட்டும் சொன்னாள். சுடர்விழி அந்தக் கொக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காதர் மைதீன் வந்து கம்பியைச் சுருட்டி எடுக்கும்வரை அம்சமும் அந்தப் பின்னலை விடவில்லை.

சாயங்காலம் துரைராசு தேடி வந்து கைகட்டி நின்றார். "எலிய எப்புடி ஒழிக்கிறதுன்னு தெரியாம கெடந்தேங்க. டீச்சரே சொல்லியிருக்காங்கன்னு நம்பித்தாங்க செஞ்சேன்" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் அம்சத்தைக் குத்தியது.

மறுநாள் வகுப்பில் அதே டப்பா, அதே செல்கள், அதே விளக்கு. சுடர்விழி கடைசி பெஞ்சுக்குப் போயிருந்தாள்.

"வந்து விரல வைக்கிறியாம்மா?"

"வேணாம் டீச்சர்." பிள்ளை எழுந்திருக்கவில்லை. "பயமா இருக்கு."

பழக்கத்தில் "பயப்படாத" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள் அம்சம். சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேசைமேல் நீட்டினாள்.

முன்பெஞ்சுப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து சுடர்விழியும் மெதுவாக எழுந்து வந்தாள்.

"டீச்சர், உங்க கை நடுங்குது."

"ஆமாம்மா. எனக்குக் கரண்ட்னா ரொம்பப் பயம். இத்தனை நாளா உங்ககிட்ட மறைச்சு வச்சிருந்தேன்" என்றாள் அம்சம். "எல்லாரும் கிட்ட வந்து நல்லாப் பாத்துக்கங்க."