மனப்பாடம் செய்யாத பலகை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் பிள்ளைகள் கயிறு தாண்டும்போது பாடியது பாட்டே இல்லை. ரயில்வே டாக்டர் அறையில் கண் பரிசோதனைக்காகத் தொங்கிய இங்கிலீஷ் பலகையின் எழுத்து வரிசை. வருஷக்கணக்காக அதே பலகைதான். முன்னால் போய் வந்த ரயில்வேக்காரர் சொல்லிக் கொடுக்க, அடுத்தவர் பாடம் பண்ணிக்கொள்வார். ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாதவர்கள்கூட மேலிருந்து கீழ்வரை ஒப்பித்துத் தேறிவந்தார்கள்.

கிள்ளான் ரயில் பாதையில் கேட்டுக்காரராக இருந்த சின்னையாவும் அப்படித் தேறியவர்தான். அடுத்த பரிசோதனை நெருங்கிய சமயம், ஒரு நாள் தூரத்தில் ரயிலுக்கு வழிவிட்டுச் சிக்னல் கை இறங்கியிருந்தது அவர் கண்ணில் படவில்லை. கேட்டைத் திறந்துவிட்டார். மாட்டுவண்டி தண்டவாளத்தில் ஏறிய பிறகு எஞ்சின் ஊதியது. வண்டிக்காரர் மாட்டை விரட்டி அடித்ததால் உயிர் தப்பினார்.

அன்று சாயங்காலமே என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். நான் ரயில்வே ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா.

"கிராணி ஐயா, எனக்கு நெசமாவே கண்ணு பாக்கணும். இங்கிலீஷ் தெரிஞ்சவர் நீங்க கூட வரணும்."

பக்கத்து வீட்டு இராமலிங்கம் சிரித்தார். "பலகை இன்னும் மாறலைலா, அண்ணே. வாய் இருக்கிற வரைக்கும் வேலை இருக்கு!"

"வாயாலயா கேட்டை மூடப் போறாரு?" என்று கூட வந்திருந்த சின்னையாவின் மனைவி இராஜம்மா கேட்டாள்.

எனக்குத்தான் பயம். பார்வை குறைவு என்று தெரிந்தால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும். கடல் தாண்டி வந்த இடத்தில் குடும்பத்தோடு எங்கே போய் நிற்பார்? சொல்லிப் பார்த்தேன்.

"ஒரு ஆளைக் கொன்னுட்டு அந்த வீட்டுல எப்படிங்கய்யா படுக்கறது?" என்றார்.

பாசார் சந்தையில் பெட்டி நிறைய மூக்குக்கண்ணாடி வைத்திருந்தவன், "எதைப் போட்டா தெரியுதோ அதை எடுத்துக்க" என்றான். சின்னையா பெட்டியைத் தொடவே இல்லை. டவுனில் ஒரு பெரிய கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனேன். சுவரில் அதே பலகை! முதல் எழுத்தைக் கண்டதும் அவர் வாய் கடைசி வரி வரை ஓடி நின்றது. "அருமையான கண்!" என்று பாராட்டிய கடைக்காரர், அந்த அருமையான கண்ணுக்குத் தங்க விளிம்புக் கண்ணாடி ஒன்றையும் எடுத்து நீட்டினார்.

"ஐயா, எனக்கு முதல் எழுத்துதான் தெரிஞ்சுது. மத்ததெல்லாம் வாய் தானா சொல்லிருச்சு," என்றார் சின்னையா, தெருவுக்கு வந்ததும்.

கிள்ளானில் வோங் என்ற சீனர் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ராத்திரி வேலை முடித்த கையோடு சின்னையா என்னோடு ரயிலேறி வந்தார். வோங் அவருடைய சிவந்த கண்களைப் பார்த்துவிட்டு, இன்று பார்த்தால் சரியாக வராது, தூங்கிவிட்டு வா என்று மலாயில் சொல்லி அனுப்பிவிட்டார். வீண் அலைச்சல் என்று நான் முணுமுணுத்தேன்.

சின்னையாவின் முகம் மலர்ந்திருந்தது. "விக்கறதுக்கு அவசரப்படல பாத்தீங்களா? நமக்கு ஏத்த ஆளு இவருதான்."

மறுமுறை போனபோது என் இங்கிலீஷுக்கு அங்கே வேலையே இல்லை. சின்னையாவின் மலாய் என் மலாயைவிட நன்றாக இருந்தது. வோங்கின் பலகையில் எழுத்து கிடையாது. மூன்று பல் சீப்பு போல ஒரே உருவம், நாலு பக்கமும் திரும்பித் திரும்பி இருந்தது. பல் எந்தப் பக்கம் என்று கையால் காட்ட வேண்டும். வோங் ஒரு கண்ணை மூடி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். பிறகு வில்லை மாட்டிய சோதனைச் சட்டத்தோடு சின்னையாவைக் கடை வாசல் நடைபாதையான ஐந்தடிக்கு அழைத்து வந்து நிறுத்தினார். தெருக்கோடிக் கூரைமேல் உட்கார்ந்திருந்த காக்கையைச் சின்னையா கண்டுகொண்டார்.

"வாலை ஆட்டுதுங்கய்யா," என்றார்.

பரிசோதனை நாளன்று புதுக் கண்ணாடியோடு டாக்டர் முன் நின்றார். நான் மொழிபெயர்க்கப் போயிருந்தேன். டாக்டர் பலகையைக் காட்டினார். ஒப்பித்திருந்தால் அந்த நிமிஷமே வெளியே வந்திருக்கலாம்.

"இது எனக்கு மனப்பாடம்னு சொல்லுங்கய்யா. வேற எதையாவது காட்டச் சொல்லுங்க."

நான் டாக்டருக்குச் சொல்லாமல் சின்னையாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "சொல்லுங்கய்யா!" என்று அதட்டினார். சொன்னேன்.

டாக்டர் ஜன்னலைத் திறந்து, யார்டு சிக்னல்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டார். சின்னையா எதையும் தப்பாகச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றாமல் வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு கேட்டு அவரிடமே இருந்தது.

மறுநாளே டாக்டர் பலகையை மாற்றிவிட்டார். கோட்டர்ஸில் சின்னையாவோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதலில் வாய் திறந்தவர் இராமலிங்கம்தான், அதுவும் திட்டுவதற்கு.

"நல்லா இருந்த பலகையைக் கெடுத்தீங்களே, அண்ணே!" என்றவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சரி, அந்த கிள்ளான் சீனர் ஞாயித்துக்கிழமை கடை தொறப்பாரா?"