எனக்காக நடந்த விண்டோஸ் - மேக் சண்டை

என் மகனும் மருமகனும் சந்தித்துக்கொண்டால் கம்ப்யூட்டர் சண்டை போடாமல் கலைந்ததில்லை. மகன் மேக் கட்சி, மருமகன் விண்டோஸ் கட்சி. அடுத்தவன் சாப்பிட்டானா என்று கேட்காத இரண்டு பேரும், அடுத்தவன் எந்தக் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறான் என்பதை மட்டும் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வார்கள். கல்யாணப் பந்தியில் நடந்திருக்கிறது, காதுகுத்தில் நடந்திருக்கிறது. ஒருமுறை சுடுகாட்டு வாசலில் வண்டிக்குக் காத்திருந்தபோதுகூட நடந்தது. அதையெல்லாம் நான் ரசித்துக்கொண்டுதான் இருந்தேன், சண்டை என் மேஜைக்கு வரும்வரை.

எனக்குப் பார்வை கிடையாது. ஆவடித் தொழிற்சாலையில் வேலையில் இருக்கும்போதே கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கி வந்து நடுவிலும் அணைந்துவிட்டது. வேலை போயிற்று, குவார்ட்டர்ஸும் போயிற்று. இப்போது பட்டாபிராமில் இரண்டாவது மாடியில் ஒரு ஃபிளாட்டில் நானும் என் மனைவியும் இருக்கிறோம். என் பழைய லேப்டாப்பில், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதில் வரும் தமிழ்க் குரல் மூக்கடைத்த ஆள் ஒப்பிப்பதுபோல இருக்கும். அதை நான் வேகமாக, மிக வேகமாக ஓடவிட்டுக் கேட்டுப் பழகிவிட்டேன். மற்றவர்கள் காதுக்கு அது வெறும் இரைச்சல்.

அந்த அவலட்சணக் குரலை நான் ஏன் அவ்வளவு பிடித்துக்கொண்டிருந்தேன் என்றால், என் வீட்டில் உள்ளதை உள்ளபடி படிப்பது அது ஒன்றுதான். அது வருவதற்கு முன்னால் என் மனைவிதான் எனக்குப் படிப்பாள். செய்தித்தாளில் தற்கொலை, விபத்து, கண் வைத்தியம் மூன்றையும் தாண்டிவிடுவாள். தாண்டுவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விடுவாள், அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பியிருந்தேன். பதில் வந்தது. "நல்லா இருக்காம், இப்ப இடம் இல்லையாம், அப்புறம் பாக்கறாங்களாம்" என்று படித்தாள். பின்னால் இந்தக் குரல் வந்ததும் அதே மின்னஞ்சலைத் திறந்தேன். "பிரசுரத்துக்கு ஏற்றதல்ல. தயவுசெய்து இனி அனுப்ப வேண்டாம்" என்றது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது. அனுதாபம் இல்லாத ஒரு ஜீவன் வீட்டுக்கு வந்துவிட்டது.

அந்த லேப்டாப் மெதுவாகிவிட்டது, அடிக்கடி நின்றுபோகிறது என்று மனைவியிடம் வாயைவிட்டேன். அவள் மகனிடமும் சொன்னாள், மருமகனிடமும் சொன்னாள். ஒரே ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மருமகனின் காரில் வந்து இறங்கினார்கள். மகளுக்கு ஞாயிறும் வேலை, அவள் வரவில்லை.

மகன் தான் கழித்துப்போட்ட மேக்கைப் பையில் கொண்டுவந்திருந்தான். எங்கே போனாலும் தன்னிடம் மிச்சமானதைப் பரிசாகத் தருவது அவன் வழக்கம். மருமகன் செம்பரம்பாக்கத்தில் ஒரு கிடங்குக்கு மேற்பார்வையாளர். அவர்கள் குடும்பம் விற்ற நிலத்தில்தான் அந்தக் கிடங்கே நிற்கிறது. சொந்த வயலுக்குள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நுழைகிறவர். விலை விஷயத்தில் அவரை யாரும் இனி ஏமாற்ற முடியாது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

"மாமா, இவன் பேச்சைக் கேக்காதீங்க. மேக் ரிப்பேர் ஆச்சுனா சொத்த எய்தி வெக்கணும். விண்டோஸ்னா அம்பத்தூர்ல தெருவுக்குத் தெரு கடை கீது. ஒரு போன் போட்டா ஊட்டுக்கே வந்து பாத்துக் குடுப்பான்."

"ரிப்பேர் ஆனாத்தானே மாப்ள கடை வேணும்?" என்றான் மகன். "இதுல படிக்கிற குரல் உள்ளேயே வருது. தனியா எதையும் போட வேண்டாம். கண்ணு தெரியாதவங்களுக்கு இதுதான் பெஸ்ட்."

"நானும் கண்ண மூடிகினு ட்ரை பண்ணேன் மச்சான் அன்னைக்கு. ஒண்ணும் பிரியல."

"அப்புறம் கண்ணைத் திறந்துட்டீங்கல்ல?" என்று நான் கேட்டேன். அதுவும் அவர்கள் வாயை மூடவைக்கவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. புது மெஷின் என்றால் புதுக் குரல், புதுக் கீபோர்டுச் சாவிகள். இந்த வயதில் கற்றுக்கொள்ள மாதக்கணக்காகும். அதுவரை மறுபடி மனைவியின் வாயால்தான் உலகத்தைப் படிக்க வேண்டும்; தணிக்கை செய்து, வேகவைத்து, ஊட்டிவிடுவாள். பழையதையே சரிபண்ணித் தந்தால் போதும் என்றேன். "சும்மா இருங்கப்பா, உங்களுக்குத் தெரியாது" என்றான் மகன். யாருக்கு எது வசதி என்கிற விவாதத்தில் உபயோகிக்கிறவனுக்கு அதற்குமேல் இடம் கிடைக்கவில்லை.

நான் நாற்காலியில் இருந்தேன். அவர்கள் என் மேஜை முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என் லேப்டாப்பைத் திறந்தார்கள். மகன் எதையோ தொட, குரல் படிக்க ஆரம்பித்தது. மருமகன் அதற்கு மேல் கத்தினார். மகன் அவருக்கு மேல் கத்தினான். மூன்று குரல்களில் ஒன்று மட்டும்தான் எனக்குப் பயன்படுவது, அது மட்டும்தான் எனக்குக் கேட்கவில்லை.

"மாமா, இந்த சவுண்ட ஆஃப் பண்ணிக்கிறேன். பேசவே உட மாட்டேங்குது" என்று மருமகன் ஒரு சாவியை அழுத்தினார். குரல் செத்துப்போயிற்று.

அதன் பிறகு கொஞ்ச நேரத்தில் சண்டையும் நின்றது. சாவிகள் தட்டும் சத்தம் கேட்டது. "தமிழ் டைப்பிங் டெஸ்ட் பண்றேன்பா" என்றான் மகன். தட்டினான், நிறுத்தினான். அடுத்து வேறு கை தட்டியது. மருமகன் ஒவ்வொரு சாவியையும் குத்துவார், எனக்குத் தெரியும். மறுபடி மகன். ஒருவர் மூச்சை மூக்கு வழியாக விட்டுச் சிரித்தார். வாயை அடைத்த மெஷின் கண்ணில்லாதவனிடம் எதைச் சொல்லிவிடப் போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

அப்போது கீழேயிருந்து விடாமல் ஹாரன் அடித்தது. தண்ணீர் லாரி வந்துவிட்டது, தெருவை அடைத்து நின்றது மருமகனின் கார். "எவன்டா வண்டிய இங்க உட்டவன்" என்று யாரோ அலற, இரண்டு பேரும் அப்படியே எழுந்து ஓடினார்கள். லாரிக்காரனோடு மருமகன் சண்டைக்கு நிற்பதும், மகன் பின்னால் வா, பின்னால் வா என்று கத்துவதும் மாடிக்குக் கேட்டது.

மனைவி காபி கொண்டுவந்தாள். டம்ளர்கள் மேஜையில் உட்கார்ந்தன. அவள் போகவில்லை.

"என்ன எழுதியிருக்கானுங்க?" என்றேன்.

இடைவெளி. எனக்குப் பழக்கமான அந்த இடைவெளி, ஆனால் இவ்வளவு நீளமாக ஒருநாளும் இருந்ததில்லை.

"ஒண்ணும் இல்லீங்க. கன்னாபின்னான்னு தட்டி வெச்சிருக்காங்க. நான் அழிச்சிடறேன்." ஒரே ஒரு சாவி அழுந்தும் சத்தம் கேட்டது. அழிக்கிற சாவியை விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போனாள்.

என் மெஷினில் ஒலியை நிறுத்தும் சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? ஒலியை மீட்டேன், ஹெட்ஃபோனை மாட்டினேன். அழித்ததைத் திரும்பக் கொண்டுவரும் சாவிகளைச் சில தடவை அழுத்தினேன். என் வேகத்தில் அது படித்து முடிக்க ஒரு வாய் காபி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. காபியைக் குடித்து முடித்தேன். நல்ல காபி.

அவர்கள் வியர்வை நாற்றத்தோடு திரும்பி வந்தார்கள். லாரிக்காரனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்பதில் இரண்டு பேருக்கும் ஒற்றுமை ஏற்பட்டிருந்தது. மகன் நாற்காலிப் பக்கம் குனிந்து, குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டான். "சரிப்பா, நீங்களே சொல்லுங்க. எது வேணும் உங்களுக்கு?"

"அதக் கேளு மச்சான் மொதல்ல" என்றார் மருமகன்.

நான் ஹெட்ஃபோன் வயரைப் பிடுங்கினேன். ஒலியைக் கூட்டினேன். எனக்குத் தேவைப்படாத ஒரு காரியத்தையும் செய்தேன். அவர்களுக்காகக் குரலின் வேகத்தைக் குறைத்தேன். குறைத்து, குறைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டுவதுபோல ஆனதும் படிக்கவிட்டேன்.

"எதைக் குடுத்தாலும் ஒண்ணுதான். இவருக்கு யார் மெயில் அனுப்பப் போறாங்க" என்றது குரல். அது என் மகன். "பேசிகினு கெடக்கட்டும் மச்சான். நம்பள கூப்டாம இருந்தா போதும்." அது மருமகன். "அதை விடு. அம்மா போய்ட்டா இவர் யார் வீட்டுக்கு? அதை முதல்ல பேசணும்." "எங்க ஊட்ல எடம் இல்ல மச்சான், இப்பவே சொல்ட்டேன்."

ஸ்டூல் ஒன்று தரையில் தேய்ந்தது. "அப்பா, அது வந்து..." என்றான் மகன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்று பல வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் எரிச்சலாக இருந்தது.

"இதுவே போதும் எனக்கு. நல்லாப் படிக்குது" என்றேன். "மாப்பிள்ளைக்குச் சரியாக் கேட்டுச்சோ என்னமோ." முதல் வரிக்குப் போய் மறுபடி படிக்கவிட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு சுகமாக நான் எதையும் கேட்டதில்லை.

அடுக்களை வாசலிலிருந்து மனைவி பேசினாள். எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. இடைவெளி விடாமல் பேசினாள்.

"அதுல முதல்ல சாகறது நான்தானேங்க. அதை ஏன் ரெண்டு தடவை படிக்க வெக்கிறீங்க?"

அத்தனை தடவை கேட்டும் நான் அதைக் கவனிக்கவே இல்லை.